ஒரு சோறு பதம் போதாது! கம்ப்யூட்டர் மொழிக்கு 69 ஆயிரம் சோதனைகள்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். சோற்றுக்கு அது சரி. கம்ப்யூட்டர் மொழிக்குச் சரிப்படாது. அங்கே ஒவ்வொரு சோற்றையும் நசுக்கிப் பார்த்தாக வேண்டும்!

கம்ப்யூட்டரிடம் வேலை வாங்குவதற்கென்று தனி மொழிகள் உண்டு. அவற்றில் ஒன்று, 'பெர்ல்'. அமெரிக்காவைச் சேர்ந்த லாரி வால் உருவாக்கியது. 1987-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி வெளிவந்தது.

கருவிப் பெட்டி

மொழியோடு சேர்ந்தே பல 'மாடியூல்'கள் வரும். தச்சரின் பெட்டியில் உளி, ரம்பம், இழைப்புளி இருப்பது போல. ஒன்று கூட்டல் போடும். இன்னொன்று தேதிக் கணக்குப் பார்க்கும்.

உளி மழுங்கினால் ஒரு தச்சருக்குத்தான் கஷ்டம். மாடியூலில் பிழை இருந்தால், அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் அத்தனையும் தடுமாறும்.

19100-ம் ஆண்டு!

சின்னத் தவறு என்ன செய்யும்? ஓர் உதாரணம். பெர்லிடம் ஆண்டைக் கேட்டால், 1900 போக மீதியைச் சொல்லும். 1999 என்றால் 99. புரோகிராம் எழுதிய சிலர் அதன் முன்னால் '19' என்று ஒட்டி வைத்தார்கள். சரியாகவே வந்துகொண்டிருந்தது.

2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி பிறந்தது. மீதி 100. சில இணையப் பக்கங்களில் ஆண்டு '19100' என்று வந்துவிட்டது!

மொழி சொன்னது சரி. எழுதியவர்கள் போட்ட கணக்குதான் தப்பு. "2000 வந்தால் என்ன ஆகும்?" என்று முன்பே ஒரு சோதனை வைத்திருந்தால், மானம் போயிருக்காது.

சோதனை எப்படி?

சோதனையும் ஒரு சின்ன புரோகிராம்தான். கூட்டல் கருவியிடம் 2, 3, 5 ஆகிய எண்களைக் கொடுக்கும். விடை 10 என்று வந்தால் 'ஓகே 1' என்று எழுதும். வராவிட்டால் 'நாட் ஓகே 1'. இந்த முறை பெர்லின் முதல் பதிப்பிலேயே இருந்தது.

அதோடு விடுவதில்லை. எந்த எண்ணும் கொடுக்காமல் "கூட்டு" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அப்போது 0 என்று வரக்கூடாது. "விடை இல்லை" என்றுதான் வர வேண்டும். அந்தக் கருவிக்கு வகுத்த விதி அது. இப்படிக் கோணல் கேள்வி கேட்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

பிழை ஒன்று தெரிந்தால், அதைப் பிடிக்கும் சோதனையை முதலில் எழுதுவது நல்ல வழக்கம். 'நாட் ஓகே' வரும். பிறகு பிழையைத் திருத்தினால், 'ஓகே' வரும். அந்தச் சோதனையை எறிந்துவிடுவதில்லை. காவல்காரன் போல் அங்கேயே இருக்கும். நாளைக்கு வேறொருவர் இன்னொரு மூலையில் கை வைத்து, பழைய பிழை திரும்பி வந்தால் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

காவல்காரர்கள் பெருகினார்கள். பெர்லின் 5.6.1 பதிப்பில் இருந்த சோதனைகள் சுமார் 11,700. 2002-ம் ஆண்டு வந்த 5.8 பதிப்பில் சுமார் 69 ஆயிரம்!

இதற்கு உழைத்தவர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பிழை வராத வரையில் அவர்களை யாரும் நினைப்பதில்லை. அவர்கள் வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்!