மறதிநோயாளிக்கு ஒரு முற்றம்

மறதிநோய் வந்த பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறார் என்றதும், குடும்பம் முதலில் செய்வது கதவைப் பூட்டுவது. பயத்தில் செய்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பூட்டிய கதவே அவருடைய தவிப்பைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், இந்நோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றில் நடந்த ஆய்வு 1992-ல் வெளியானது. வெளியே போகும் கதவு பூட்டியிருந்தபோது அவர்களிடம் படபடப்பு ஏறியது. திறந்து விட்டபோது தணிந்தது. முதியோர் இல்லத் தோட்டங்களைப் பற்றிய 17 ஆய்வுகளை இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2014-ல் ஒருசேரப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஏறத்தாழ இதுவே தெரிந்தது. இவற்றில் பல சிறிய ஆய்வுகள்தான். தோட்டம் நோயைக் குணமாக்கும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் மருந்தால் நோயைத் திருப்ப முடியாதபோது, ஒருவரின் பகல்பொழுது பதற்றமில்லாமல் கழிவது பெரிய காரியம். கதவுக்கு வெளியே இருக்கும் இடத்தைச் சரியாக அமைத்துவிட்டால் கதவைத் தைரியமாகத் திறந்து வைக்கலாம் என்பதே இங்கே சொல்ல வருவது.

இது நகரத்துப் பேச்சு என்று திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒதுக்கிவிட முடியாது. 2023-ல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெரும்பாலானோர் இருப்பது வீட்டில்தான், ‘வயசானா அப்படித்தான்’ என்ற சமாதானத்தோடு. இவர்களுக்கென வெளியிடம் அமைத்த முன்மாதிரியும் உண்டு. தமிழர்கள் வாழும் சிங்கப்பூரில் 2016-ல் ஹார்ட்பார்க் பூங்காவில் முதியவர்களுக்கென, மறதிநோயாளிகளையும் மனத்தில் கொண்டு, நலம்தரும் தோட்டம் ஒன்றை அரசின் பூங்கா வாரியம் திறந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மண்ணைத் தொட உயர்த்திக் கட்டிய பாத்திகள் அங்கே உண்டு. பிறகு வேறு பூங்காக்களிலும் இத்தகைய தோட்டங்கள் வந்தன. பின்பற்ற வேண்டிய எண்ணம்தான். ஆனால் அந்தத் தோட்டத்தை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஊர் அது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கண்மாய்க்கே தண்ணீர் இல்லை. புல்தரைக்கு எங்கே போவது?

புல்தரை தேவையும் இல்லை. இந்நோயாளிக்கு வேண்டியது நிழல், தடுமாறாத தரை, போனால் திரும்பி வந்து சேரும் பாதை, சாய்வும் கைப்பிடியும் உள்ள இருக்கை, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற வீட்டு வாசல். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் காலோடு ஒட்டும். அதில் அவரை நடக்க விட முடியாது. அதன்மேல் சரளையும் செம்மண்ணும் கொட்டித் திமிசு போட்டு இறுக்கிய பாதை மலிவானது. கறுப்பு மண்ணுக்கு நடுவே அதன் சிவப்பு பளிச்சென்று தெரியும் என்பது கூடுதல் லாபம், ஏனென்றால் இந்நோயில் நிறங்களைப் பிரித்தறிவது மங்குகிறது. தரையில் திடீரென வரும் கறுப்புத் திட்டு அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தோன்றினால், கால் எடுத்து வைக்க மறுப்பார். சிமெண்ட் தளத்தின் கண்கூச்சமும் ஆகாது. பாதை எங்கும் முட்டி நிற்காமல் வளைந்து வாசலுக்கே வர வேண்டும். முட்டுச்சந்தில் நின்றால் திரும்புவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. நிழலுக்குப் புங்கை நல்லது: அடர்ந்த நிழல், வறட்சியைத் தாங்கும். வேம்பும் நல்ல மரமே, ஆனால் பழம் உதிரும் காலத்தில் அடியைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வழுக்கும். வெயில் பற்றிய அச்சமும் நியாயமானது. தாகம் எடுப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். பங்குனி முதல் ஆனி வரை காலையும் மாலையும் மட்டும் வெளியே விட்டு, கண்ணில் படும் இடத்தில் செம்பில் தண்ணீர் வைத்து, நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நட வேண்டியதைவிட அகற்ற வேண்டியது முக்கியம். இந்தச் சீமையில் வீட்டு முன்னாலும் நந்தவனத்திலும் சாலை நடுவிலும் அரளி நிற்கிறது, தண்ணீர் கேட்காது என்பதால். கையில் கிடைத்ததை வாயில் போடும் நிலைக்கு வந்தவர் இருக்கும் முற்றத்தில் அரளியும் மஞ்சள் அரளியும் ஊமத்தையும் நிற்கக் கூடாது, அவை நஞ்சு. திறந்த கிணற்றையும் தொட்டியையும் மூட வேண்டும். தேளும் பாம்பும் ஒதுங்கும் விறகு அடுக்கைத் தள்ளி வைக்க வேண்டும். சீமைக்கருவேல முள்ளை வேலியாக அடைப்பதற்குப் பதிலாகக் கீற்றுத் தட்டி கட்டலாம். வாசமுள்ள பூச்செடிகளை நட்டால் போதும் என்ற யோசனையும் பாதிதான் சரி. மறதிநோயின் பரவலான வகையான அல்சைமரில் மோப்ப உணர்வு முன்கூட்டியே குறைந்துவிடுகிறது. மல்லிகைச் செடியின் பயன் மணத்தைவிட வேலையில் இருக்கிறது. பெயர்கள் மறந்த பிறகும் கை பழகிய தொழில் பல காலம் நிற்கும். பூக் கட்டிய விரல் கட்டும், கடலை உடைத்த விரல் உடைக்கும், வாசல் தெளித்துக் கூட்டியவர் கூட்டுவார். நேர்த்தியாக வராவிட்டால் பரவாயில்லை.

ஊர் மந்தையில் மரமும் மேடையும் இருக்கும்போது தனியாக முற்றம் எதற்கு என்று கேட்கலாம். அங்கே பொழுதைக் கழிப்பவர்கள் ஆண்கள். நோய் அதிகம் தாக்குவதோ பெண்களை. அவர்களுக்கு வீட்டை ஒட்டிய இடம்தான் வெளி. கவனிக்க ஆள் இல்லை என்ற குறை உண்மையானது. மகளோ மருமகளோ காட்டு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். முற்றம் ஆளுக்கு மாற்றாகாது. ஆனால் அடுப்படியிலிருந்து பார்த்தால் முழுதும் தெரியும்படி அது அமைந்தால், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்திலாவது கையைப் பிடித்துக்கொண்டே திரிய வேண்டியதில்லை. இடமே இல்லாத வீடுகளுக்குத் தெருவுக்கு ஒரு பொது நிழலிடத்தை ஊராட்சி ஒதுக்கலாம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் 2021 முதல் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தால், அதே நடையில் முற்றத்தையும் பார்த்து, வெட்ட வேண்டிய அரளியையும் மூட வேண்டிய கிணற்றையும் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.