உங்க கார்ல ஒளிஞ்சிருக்கற ஏர்டேக்: திருடனோட 39 டாலர் முதலீடு

ஒரு சிஏவா எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் திருட்டைப் பத்திக் கேள்விப்பட்டாலும், திருடனோட கணக்குல செலவு எவ்வளவு, வரவு எவ்வளவுன்னு மனசுக்குள்ள ஒரு ஷீட் போட்டுப் பார்ப்பேன். இன்னைக்குச் சொல்லப்போற விஷயத்துல அந்த ஷீட் ரொம்பச் சின்னது. செலவு 39 கனடா டாலர். வரவு ஒரு லெக்ஸஸ்.

இது நடந்தது கனடாவில், டொரொன்டோவுக்கு வடக்கே இருக்கற யார்க் ரீஜியன்ல. நம்ம தமிழ் ஆட்கள் நிறைய பேர் வசிக்கற மார்க்கம் நகரம் இருக்கே, அதுவும் இந்த யார்க்லதான் வருது. 2021 டிசம்பர்ல அந்த ஊர் போலீஸ் ஒரு எச்சரிக்கை வெளியிட்டாங்க. விலை உயர்ந்த கார்கள் மால் மாதிரி பொது இடங்கள்ல நிக்கும்போது, யாரோ வந்து ஆப்பிள் ஏர்டேக்கை ஒளிச்சு வெச்சுட்டுப் போறாங்க. பெட்ரோல் மூடிக்குள்ள, பின்பக்கம் டிரெய்லர் இழுக்கற கொக்கி இருக்கற இடத்துல, இப்படி கண்ணுல படாத இடங்கள். ஓனர் ஷாப்பிங் முடிச்சு வீட்டுக்குப் போவார். கார் எந்த வீட்டு வாசல்ல ராத்திரி நிக்குதுன்னு திருடன் தன் போன்லயே பார்த்துக்குவான்.

யோசிச்சுப் பாருங்க, மால்ல காரைத் திருடறது கஷ்டம். கேமரா, ஜனங்க, செக்யூரிட்டி எல்லாம் இருக்கும். வீட்டு வாசல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு யார் இருக்கா? ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஏதாவது வெச்சுக் கதவைத் திறப்பாங்க. ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக்குங்க லேப்டாப் மாட்டற ஓபிடி போர்ட் இருக்கும். அதுல ஒரு கருவியைச் செருகி, கையோட கொண்டுவந்த புது சாவியை 'இதுவும் உன் சாவிதான்'னு காருக்கு ஏத்திவிடுவாங்க. அப்புறம் சாதாரணமா ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டுப் போவாங்க. ஏர்டேக் வீட்டைக் காட்டிக்கொடுக்கத்தான். காரைத் திறக்க அது எந்த விதத்திலும் உதவாது. இதைப் பல பேர் குழப்பிக்கறாங்க.

பயமுறுத்தறதுக்காக இதைச் சொல்லல. அதே யார்க் போலீஸ் கொடுத்த எண்ணிக்கைப்படி, ஏர்டேக் சம்பந்தப்பட்டது 5 சம்பவம்தான். அந்த ஏரியாவில் அந்த ஒரு வருஷத்துல 2,000-க்கும் மேல வண்டிகள் திருடு போயிருக்கு. அதாவது முழுத் திருட்டுல இது ஒரு துளி. ஆனா அந்த 2,000-ஐக் கொஞ்சம் கவனிங்க. 2023-ல கனடா முழுக்க வாகனத் திருட்டுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்த தொகை 150 கோடி கனடா டாலரைத் தாண்டிடுச்சு. திருடின வண்டிகள் கன்டெய்னர்ல ஏறி மாண்ட்ரியல் துறைமுகம் வழியா வெளிநாடு போகுது. 2024 ஏப்ரல்ல போலீஸ் அறிவிச்சபடி, ஒரே ஆபரேஷன்ல அந்தத் துறைமுகத்துல 598 திருட்டு வண்டிகளைப் பிடிச்சாங்க. இதோட பில் கடைசியில யார் தலையில விழுதுன்னா, திருடு போகாதவங்க கட்டற பிரீமியத்துலதான். அடிக்கடி திருடு போற மாடல்களுக்கு, திருட்டுத் தடுப்புக் கருவி மாட்டலைன்னா தனியா சர்சார்ஜ் போடற கம்பெனிகளும் அங்கே இருக்கு.

சரி, ஏன் ஏர்டேக்? சிம் போட்ட ஜிபிஎஸ் டிராக்கர் முன்னாடியே இருக்கே? அதுக்கு சிம் வேணும், மாச ரீசார்ஜ் வேணும், அடிக்கடி சார்ஜ் போடணும். ஏர்டேக்ல ஒரு பொத்தான் பேட்டரி, சுமார் ஒரு வருஷம் வரும். அதுக்குள்ள ஜிபிஎஸ் கிடையாது. புளூடூத் சிக்னல் மட்டும் விட்டுக்கிட்டே இருக்கும். பக்கத்துல போற யாரோட ஐபோனாவது அதைக் கேட்டு, தான் இருக்கற இடத்தை ஆப்பிளுக்குச் சொல்லிடும். ஐபோன் வெச்சிருக்கறவருக்கே அது தெரியாது. சிக்னல்ல நின்ன பக்கத்து கார், ரோட்ல நடந்து போற ஆள், ஏன், உங்க சொந்த ஐபோனே கூட உங்க வீட்டு அட்ரஸைத் திருடனுக்கு அனுப்பலாம். பணம் வாங்காம வேலை பார்க்கற கோடிக்கணக்கான கூரியர் பசங்கன்னு வெச்சுக்கங்க.

இதுக்கு மாற்றா ஆப்பிள் ஒரு எச்சரிக்கை வசதி வெச்சிருக்கு. உங்களுது இல்லாத ஏர்டேக் உங்க கூடவே நகர்ந்தா ஐபோன் சொல்லும். போன் இல்லாட்டியும், ஓனரைப் பிரிஞ்ச ஏர்டேக் தானாவே சத்தம் போடணும். 2021-ல அறிமுகமானப்போ அதுக்கு 3 நாள் ஆகும். விமர்சனம் வந்ததும் 8 முதல் 24 மணி நேரம்னு குறைச்சாங்க. ஆனா திருடனுக்கு வேண்டியது ஒரே ஒரு ராத்திரி. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஏர்டேக் விக்கறவங்களும் கிளம்பினாங்க. ஆண்ட்ராய்டுக்காரங்களுக்கு ரொம்ப நாள் எதுவுமே இல்ல. 2021 டிசம்பர்ல ஒரு ஆப் விட்டாங்க, அதையும் நாமளே திறந்து ஸ்கேன் பண்ணணும். 2024 மே மாசம்தான் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஒரு பொது முறை கொண்டுவந்தாங்க. ஐஓஎஸ் 17.5-க்கு மேல இருக்கற ஐபோன், ஆண்ட்ராய்டு 6-க்கு மேல இருக்கற போன், ரெண்டுலயும் இப்போ தானாவே அலர்ட் வரும். புளூடூத்தும் லொகேஷனும் ஆன்ல இருக்கணும். பேட்டரி மிச்சம் பண்றேன்னு புளூடூத்தை எப்பவும் ஆஃப் பண்ணி வெக்கற பழக்கம் உங்களுக்கு இருந்தா, இந்த ஒரு காரணத்துக்காகவாவது மாத்திக்கங்க. சிம் போட்ட டிராக்கரை இந்த அலர்ட் பிடிக்காது, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

அலர்ட் வந்தா என்ன செய்யணும்? முதல்ல, நேரா வீட்டுக்குப் போகாதீங்க. அலர்ட்டுல ஒரு மேப் வரும். எங்கிருந்து அது உங்க கூட வந்திருக்குன்னு தெரியும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. வெளிச்சமான இடத்துல நிறுத்தி அதைச் சத்தம் போட வெச்சுத் தேடுங்க. பெட்ரோல் மூடி, நம்பர் பிளேட் பின்னாடி, பம்பர் உள்பக்கம், வீல் மேல்பகுதி, சீட்டுக்கு அடியில. கிடைச்சா அதோட வெள்ளைப் பக்கத்தைப் போன்ல தொட்டா ஒரு பக்கம் திறக்கும், சீரியல் நம்பர் வரும். ஓனரோட போன் நம்பரின் கடைசி 4 இலக்கமும் தெரிய வரலாம். அதைச் சேமிச்சு வெச்சுட்டு பேட்டரியைக் கழட்டிட்டு போலீஸுக்குக் கொடுங்க. தூக்கி சாக்கடையில போட்டா ஆதாரமும் போச்சு.

"அப்போ நானும் ஒரு ஏர்டேக் என் கார்ல வெச்சுக்கறேன்"னு தோணும். வெக்கலாம். நியூயார்க் நகரமே 2023-ல 500 ஏர்டேக்கை மக்களுக்கு இலவசமாக் கொடுத்துச்சு. டொரொன்டோவில் திருடு போன ஒரு ஜிஎம்சி யூகானை அதோட ஓனர் ஏர்டேக் மூலமா ஐக்கிய அரபு அமீரகம் வரைக்கும் தேடிக் கண்டுபிடிச்சதா செய்தி வந்துச்சு. ஆனா இதுல ஒரு முரண் இருக்கு. உங்களைக் காப்பாத்தற அதே அலர்ட், உங்க காரை ஓட்டிட்டுப் போற திருடனோட போனுக்கும் போகும். அதனால இதைத் திருட்டுத் தடுப்புக் கருவியா ஆப்பிளே விக்கறதில்ல. மேப்ல கார் தெரியுதுன்னு நீங்களே நேர்ல போய் நிக்கறது வேண்டவே வேண்டாம். லொகேஷனைப் போலீஸ்கிட்ட கொடுங்க. என்னைக் கேட்டா, பழைய காலத்து ஸ்டியரிங் லாக்கும் ஓபிடி போர்ட்டுக்குப் போடற பூட்டும்தான் முதல் செலவு. யார்க் போலீஸும் இந்த ரெண்டையும்தான் சொன்னாங்க.

இந்தியாவில் கார்த் திருட்டுக்கு ஏர்டேக் பரவலா பயன்படுதுன்னு நான் சொல்ல வரல. ஆனா ஓபிடி போர்ட்ல சாவி ஏத்தற வித்தை இங்கேயும் வந்தாச்சு. டெல்லியில பிடிபட்ட கும்பல்கள் கிட்ட அந்தக் கருவிகள் கிடைச்சிருக்கு. எந்த வழியில போனாலும் கார் போனது போனதுதான். அதுக்கப்புறம் வர்றது என் சப்ஜெக்ட்.

ஒரு உதாரணம் போடறேன். ஷோரூம் விலை 12 லட்சம், ஆன்ரோடு 14.2 லட்சம். கையிலிருந்து 3.2 லட்சம், லோன் 11 லட்சம், 9% வட்டி, 7 வருஷம். இஎம்ஐ சுமார் 17,700. முப்பது மாசம் ஒழுங்காக் கட்டியாச்சு, கார் திருடு போகுது. இதுவரைக்கும் நீங்க போட்டது 8.5 லட்சம். லோன் பாக்கி இன்னும் 7.83 லட்சம். பாலிசியில ஐடிவி, அதாவது கம்பெனி தர்ற அதிகபட்சத் தொகை, 30% தேய்மானம் போக 8.4 லட்சம். அந்தப் பணம் முதல்ல பேங்குக்குப் போகும். உங்க கைக்கு வர்றது 57,000 ரூபாய்க்கும் கம்மி. பிரீமியம் ஆயிரம் ரூபாய் குறையுதேன்னு ரினீவல்ல ஐடிவியை 7.5 லட்சம்னு இறக்கியிருந்தா, இல்லாத காருக்காக நீங்க 33,000 கையிலிருந்து கட்டணும். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட்-ஆன் இருந்தா, பாலிசி வாசகத்தைப் பொறுத்து, ரோடு டாக்ஸ் எல்லாம் சேர்த்த விலை வரைக்கும் கிடைக்கும். அப்போ லோன் போகக் கையில நிக்கறது 5.5 லட்சத்துக்கும் மேல. முதல் 3 வருஷத்துக்கு இந்த ஆட்-ஆனை விடாதீங்க.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. 2018 செப்டம்பர்ல இருந்து புதுக் கார் வாங்கினா தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 3 வருஷத்துக்குச் சேர்த்து எடுக்கறது கட்டாயம். ஆனா திருட்டுக்குப் பணம் தர்ற ஓன் டேமேஜ் பகுதி வழக்கமா ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். பேப்பர்ல '3 வருஷம்'னு பார்த்துட்டு நிம்மதியா இருப்போம். ரெண்டாவது வருஷம் ஓன் டேமேஜ் முடிஞ்சுபோயிருக்கும். டிராஃபிக் போலீஸ் நிறுத்தினா இன்சூரன்ஸ் இருக்கு. கார் திருடு போனா ஒரு பைசா இல்ல. ஆஃபீஸ் பார்க்கிங்ல நிக்கற எத்தனை காருக்கு இந்த நிலைமைன்னு யாரும் பார்க்கறதில்ல.

கிளெய்ம் விஷயத்துல, உடனே எஃப்ஐஆர், உடனே கம்பெனிக்கும் தகவல். எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தா, கம்பெனிக்குச் சொல்லத் தாமதமான ஒரே காரணத்துக்காகக் கிளெய்மை மறுக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதை நம்பித் தூங்கிடாதீங்க, அந்தத் தீர்ப்பு வரைக்கும் போக ஒருத்தர் எத்தனை வருஷம் அலைஞ்சிருப்பார்! ரெண்டு சாவியும் கேட்பாங்க. ஒண்ணு காணோம்னா கேள்வி மேல கேள்வி வரும், அதனால சாவி தொலைஞ்ச அன்னைக்கே புகார் கொடுத்து வெச்சுக்கங்க. வண்டி கிடைக்கலன்னு போலீஸ் தர்ற 'நான் டிரேசபிள்' சான்றிதழுக்கு மாசக்கணக்குல ஆகலாம். அதுவரைக்கும் இஎம்ஐ நிக்காது. கார் இல்லையேன்னு கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். மூணு நாலு இஎம்ஐ அளவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் வேணும்னு ஒவ்வொரு வீடியோவிலும் நான் கத்தறது இதுக்கும் சேர்த்துத்தான். ஒரே ஆறுதல், சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த காருக்கு வர்ற கிளெய்ம் பணத்துக்கு இன்கம் டாக்ஸ் கிடையாது.

பைக் வெச்சிருக்கறவங்க, உங்களுக்கும் இதே கதைதான். அங்கே தேர்ட் பார்ட்டி 5 வருஷம், அதனால ஓன் டேமேஜ் முடிஞ்சது தெரியாமலே ஓட்டற காலம் இன்னும் நீளம். பாலிசி பிடிஎஃப்ஐத் திறந்து, ஓன் டேமேஜுக்கு நேரே இருக்கற தேதியை மட்டும் பாருங்க.