கூட்டியது போக மிச்சம்

ஒலிக்குள்ளே – 11

உறுமியைப் பதிவு செய்ய நாங்கள் பார்த்த நாள் சரியில்லை. ஸ்கூடாய், தாமான் யுனிவர்சிட்டியில் என் வாடகை வீட்டின் முன்புறம், கார் நிறுத்தும் இடத்துக்கு மேல் தகரக் கூரை. தம்பி உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு வளைந்த குச்சியைத் தோலில் வைத்தான், வானம் உடைந்தது. நிறுத்தி வைக்க வழியில்லை. அவனுக்கு இரவு வேலை, இரண்டாவது பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் துவாஸில். ஆகவே என்னிடம் இருப்பது மழையோடு சேர்ந்த நாற்பது விநாடி உறுமி.

அதைக் கணினியில் இழை இழையாகப் பிரித்து, மறுபடி கூட்டி, அடுத்த வாரம் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“அண்ணே, இது உறுமி இல்ல. கொசு.”

தவறு என்னுடையது. எந்த இடத்தில் தவறினேன் என்று சொன்னாலே இந்த வாரத்துக் கதையில் பாதி முடிந்துவிடும்.

சென்ற வாரம் சாம்பிளரைப் பார்த்தோம். பதிந்து வைத்த ஒலியைத் திருப்பிக் கொடுக்கும் கருவி அது. அந்த ஒலிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நான் உறுமிக்குச் செய்த கூட்டுமுறை மறுதொகுப்பு அப்படியல்ல. எந்த ஒலியையும் எளிய சைன் அலைகளின் கூட்டமாகப் பார்க்கலாம் என்பது அதன் அடிப்படை. வெப்பத்தைப் பற்றி 1822இல் ஃபூரியே வெளியிட்ட நூல்தான் இதற்கு வேர். 1 கட்டைச் சுருதியில் பாடும் ஓர் ஆணின் ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதிக்குக் கூட்டிய தம்புராவின் சாரணித் தந்தியை மீட்டினால் 131 மட்டுமா கேட்கிறது? 262, 393, 524 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே எழுகின்றன. ஒவ்வொன்றையும் ஓர் இழை என்று வைத்துக்கொள்வோம். எந்த இழை எப்போது எழுந்தது, எவ்வளவு ஏறியது, எப்போது அடங்கியது என்பதை மென்பொருள் குறித்துக்கொள்கிறது. பிறகு அத்தனை சைன் அலைகளையும் தானே உண்டாக்கிக் கூட்டுகிறது.

அதாவது, பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செய்முறைக் குறிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. இதனால் கிடைக்கும் சுதந்திரம் பெரிது. ஒலியைப் பத்து மடங்கு நீட்டலாம், சுருதி இறங்காது. சுருதியை ஏற்றலாம், காலப்பிரமாணம் மாறாது. இரட்டைப்படை இழைகளை மட்டும் அழித்து, தம்புராவை க்ளாரினெட் பக்கம் நகர்த்திப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கைக் கணினி இல்லாத காலத்தில் போட்டுப் பார்த்தவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். அவர் பெயரைக் கேட்டால் ஒளிச்சிதறலும் 1930 நோபல் பரிசும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன் பல ஆண்டுகள் கல்கத்தாவில் அவர் ஆராய்ந்தது வயலின் வில்லையும் தம்புராவையும் தோற்கருவிகளையும். எனக்கென்னவோ அந்த ராமனைத்தான் அதிகம் பிடிக்கிறது.

தோற்கருவியில் என்ன சிக்கல்? ஒரு வட்டத் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் இழைகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்ற விகிதத்தில் அமைகின்றன. முழு மடங்குகள் இல்லை. காதுக்கு அது சுரமாகப் படாது, வெறும் ‘தொம்’ என்றுதான் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையோ சுருதி சேர்கிறது. பாடகர் அதை நம்பிப் பாடுகிறார். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ராமன் இதைப் பற்றிக் குறிப்பு எழுதினார்; 1934இல் விரிவான கட்டுரையே வந்தது. தோலின் மேல் மணலைத் தூவி, எந்த இடம் அதிர்கிறது, எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று பார்த்தார். நடுவில் அப்பிய கரணையின் பாரம் அந்த ஒழுங்கற்ற அதிர்வுகளை ஒழுங்குக்கு இழுக்கிறது. முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் ஐந்தே சுரங்களில் போய் அடங்குகின்றன. அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் நிற்கின்றன. சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்தவருக்கு இந்தப் பட்டியல் தெரியாது. காது இருந்தது.

தம்புராவில் அவர் கண்டது இதைவிட விசித்திரம். தந்தியை நட்டநடுவில் மீட்டினால், நடுப்புள்ளி அசையாமல் நிற்க வேண்டிய இரண்டாம் இழை எழவே கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. தம்புராவிலும் வீணையிலும் அது எழுகிறது என்று 1921இல் காட்டினார். தட்டையாகச் சரியும் குதிரையின் மேல் தந்தி மீண்டும் மீண்டும் உரசி, தனக்கு இல்லாத இழைகளைப் பிறப்பித்துக்கொள்கிறது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே உள்ள ஜீவா நூலை மயிரளவு நகர்த்தினால் தம்புரா ‘பேசத்’ தொடங்குவதும் அதனால்தான்.

ஆக, மறுதொகுப்புக்குத் தம்புரா லட்டு மாதிரி. இழைகள் வரிசையாக நிற்கின்றன, நிதானமாக அடங்குகின்றன. மிருதங்கத்தின் ‘தீம்’ பரவாயில்லை. உறுமிதான் ஆளை அடித்தது.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு வேண்டும். கணினி ஒலியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் பார்க்கிறது. ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், 4,096 மாதிரி கொண்ட ஒரு ஜன்னல் 93 மில்லிவிநாடி நீளம். அந்த ஜன்னல் வழியே பார்த்தால் அதிர்வெண்ணை 11 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அளக்கலாம். ஜன்னலை 1,024க்குக் குறைத்தால் நேரம் 23 மில்லிவிநாடியாகச் சுருங்குகிறது. ஆனால் அளவுகோலின் இடைவெளி 43 ஹெர்ட்ஸாக அகன்றுவிடுகிறது. காலத்தைக் கூர்மையாகப் பார்த்தால் சுருதி மங்கும், சுருதியைக் கூர்மையாகப் பார்த்தால் காலம் மங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் இதிலிருந்து தப்ப முடியாது. விநாடிக்குப் பன்னிரண்டு சொல் விழும் வேகத்தில் மிருதங்கம் வாசித்தால், பெரிய ஜன்னலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அடி விழுந்து ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

உறுமியில் அடி மட்டுமல்ல, தேய்ப்பும் உண்டு. ஒரு முகத்தில் நேர்க்குச்சி அடிக்கிறது; மறு முகத்தில் வளைந்த குச்சி தோலை உரசிக்கொண்டு போகிறது. குச்சி ஒட்டும், வழுக்கும், ஒட்டும், வழுக்கும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதையேதான். அழுத்தம் மாறமாற ஒலி கீழிருந்து மேலே முனகிக்கொண்டு ஏறும். மலேசியாவில் தைப்பூசத்துக்குக் காவடி பின்னால் நடந்தவர்களுக்கு அந்த முனகலை விளக்க வேண்டியதில்லை. நான் தம்புராவுக்கு வைத்த 4,096 ஜன்னலையே உறுமிக்கும் வைத்தேன். ஜன்னல் மூடித் திறப்பதற்குள் சுருதி எங்கோ போய்விட்டது. பின்தொடர முடியாத மென்பொருள் இழைகளைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டது. ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன விசில். ஆயிரம் சின்ன விசில் சேர்ந்தால் கொசுதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. குச்சி தோலை உரசும் ‘கர்’ என்ற சத்தத்துக்குச் சுருதியே கிடையாது. சுருதியில்லாததைச் சைன் அலையாக எழுதப் போனால் அது தண்ணீருக்குள் கேட்கும் சத்தம்போல் ஆகிவிடும். தகரத்து மழையும் அப்படித்தான். அதனால் இந்த வகை மென்பொருள்களை நான் எடைபோடும் கேள்வி ஒன்றுதான். எத்தனை இழை போடுகிறாய் என்று கேட்பதில்லை. இழையில் சேராத மிச்சத்தை என்ன செய்கிறாய்?

எண்ணிக்கையைச் சொல்லித்தான் விற்கிறார்கள் என்பது உண்மை. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் 2011இல் வெளியிட்ட ஹார்மர் ஒரு குரலுக்கு 516 இழை வரை போடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 43 ஹெர்ட்ஸ் சுருதியிலிருந்து எடுத்தாலே 516 மடங்குகள் மனிதக் காது எட்டும் எல்லையைத் தாண்டிவிடும். நம் 131 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்துக்கு 168 போதும். ஹார்மரின் அழகு எண்ணிக்கையில் இல்லை, அதன் படத்தில் இருக்கிறது. ஒலியை உள்ளே போட்டால் அது ஒரு படமாக விரியும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், வெளிச்சம் இருந்தால் ஓசை. எந்தப் படத்தைப் போட்டாலும் அதையும் ஒலியாக வாசிக்கும். என் பாட்டியின் கோலத்தைப் போட்டுப் பார்த்தேன், சகிக்கவில்லை. ஆனால் புது ஒலி வடிவமைக்க வருகிறவருக்கு அது தீராத விளையாட்டு.

அதே 2011இல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட ரேஸர், பெர்லின்காரர் எரர்ஸ்மித் வடித்தது. 320 இழை, கத்தி போன்ற ஒலி. அது கூட்டும், ஆனால் உங்கள் பதிவைப் பிரித்துப் பார்க்காது. கூட்டுமுறை வேறு, மறுதொகுப்பு வேறு என்பதற்கு அது நல்ல உதாரணம், உறுமிக்கு வேண்டாம்.

ஆல்கெமி இரண்டையும் செய்யும். கேமல் ஆடியோ உருவாக்கிய இதை ஆப்பிள் வாங்கி 2015இல் தன் இசை மென்பொருளான லாஜிக்குக்குள் சேர்த்துவிட்டது. அப்போதிருந்து ஆப்பிள் கருவி இல்லாதவர் கையைப் பிசைய வேண்டியதுதான். பதிவை உள்ளே எடுக்கும்போதே, இழைகளை மட்டும் எடுக்கவா, நிறமாலையாக எடுக்கவா, இரண்டையும் சேர்த்து எடுக்கவா என்று கேட்கிறது. சேர்த்து எடுத்தால் சுருதியுள்ளது இழைக்குப் போகும், உரசலும் மூச்சும் நிறமாலைக்குப் போகும். மிச்சத்துக்குத் தனி அறை. நான்கு மூலங்களை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உருமாற்றலாம் என்பதால், வாங்க முடிந்தவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

ரிங்கிட்டை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு, இங்கே யூடிஎம் பல்கலைக்கழக மாணவர்கள் உட்பட, இலவசமாகவே நல்லவை உண்டு. மைக்கேல் க்ளிங்பைல் எழுதிய ஸ்பியர், ஒவ்வோர் இழையையும் திரையில் கோடாக வரைந்து காட்டும். கோட்டைப் பிடித்து இழுக்கலாம், வெட்டலாம். கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான ஜன்னல் நான் பார்த்ததில்லை. மிச்சத்துக்கு அதில் தனி இடம் இல்லை. மழையும் ஆயிரம் துணுக்குக் கோடுகளாகவே தெரியும். கெல்லி ஃபிட்ஸும் லிப்போல்ட் ஹேக்கனும் உருவாக்கிய லோரிஸ் வேறு வழி பிடித்தது. ஒவ்வோர் இழையிலும் எவ்வளவு சுரம், எவ்வளவு இரைச்சல் என்று சேர்த்தே எழுதிவைக்கிறது. இழை அங்கே சுத்தமான கம்பி இல்லை, பிசிறு உள்ள பஞ்சு நூல். உறுமித் தேய்ப்புக்கு இந்த எண்ணம் நெருங்கி வருகிறது.

இந்த இழை தேடும் வேலையே பேச்சுக்காகப் பிறந்தது. 1986இல் மெக்காலேயும் குவாட்டியெரியும் பேச்சொலியைச் சைன் அலைகளாக எழுத வழி சொன்னார்கள். 1989இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த சேவியர் சேரா அதில் ஒரு படி சேர்த்தார்: இழைகளைக் கூட்டி, மூல ஒலியிலிருந்து கழித்துவிடு, கழித்தது போக நிற்பதைத் தனியாக வை. பார்சிலோனாவில் அவர் குழு தரும் எஸ்எம்எஸ் டூல்ஸ் என்ற பைத்தான் நிரல்கள் இன்றும் அதையே செய்கின்றன. இதே சேராதான் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் கர்நாடக இசையையும் ஆராய்ச்சிக்கு எடுத்தவர். சென்னை ஐஐடியும் அதில் கைகோத்தது. எஸ்எம்எஸ் டூல்ஸ் பார்க்க எதுவும் அழகாக இல்லாத மென்பொருள். பொத்தான்கள் சில, எண் எழுதும் கட்டங்கள் சில. சிந்தசைசர் என்று எவரும் சொல்லமாட்டார்.

அதில்தான் உறுமியை மறுபடி போட்டேன். ஜன்னலை 1,024க்கு இறக்கினேன். இரண்டு கோப்புகள் வந்தன. இழைக் கோப்பில் முனகல் மட்டும், கொஞ்சம் வழுவழுப்பாக, யாரோ வாயை மூடிக்கொண்டு உறுமி வாசிப்பதுபோல. கொசு பெரும்பாலும் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை தம்பி வந்தபோது அதைப் போட்டேன். “ம்” என்றான். அந்த ‘ம்’க்கு மேல் ஒன்றும் இல்லை.

பிறகு மிச்சக் கோப்பைப் போட்டேன். தகரத்தில் மழை. மழைக்கு நடுவே உரசல், விட்டு விட்டு. எங்கோ தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். தம்பி காதொலிப்பானை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். நாற்பது விநாடியும் முடிந்து, மறுபடி போடச் சொன்னான்.

“இந்த இடம்ணே, இங்க குச்சி ஈரமாயிடுச்சு. சாரல் அடிச்சிச்சு இல்ல? மாத்திப் புடிச்சேன்.”

எனக்கு அது மழையாகத்தான் கேட்டது. மூன்று தடவை கேட்ட பிறகே உரசலின் நிறம் மாறுவது பிடிபட்டது. எந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும் என்று கேட்டேன்.

“ரெண்டாவது.”

(தொடரும்)