சோதனை வயரைச் சுருட்டி வைக்கும் முறை

பல்மானி என்னுங் கருவியை அறியாத விஞ்ஞான மாணவர் இன்று எமது கல்லூரியில் இலர். மின்னோட்டம், வோல்ற்றளவு, தடை ஆகிய மூன்றையும் அளக்கவல்ல அக்கருவிக்குக் கறுப்பும் சிவப்புமாக இரண்டு வயர்கள் உண்டு. ஒரு முனையிலே செருகியும், மறு முனையிலே கைபிடியோடு கூடிய ஊசிமுனையும் உடைய அவ்வயர்களை வேலை முடிந்தபின் எவ்வாறு சுருட்டி வைத்தல் வேண்டும் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழாசிரியருக்கு ஆய்கூடத்தில் என்ன அலுவல் என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பழைய மாணவர் உபகரித்த பல்மானிகள் நலமாயிருக்க, அவற்றின் வயர்களே ஆண்டுதோறும் முதலிற் பழுதாகின்றன. பௌதிகவியல் ஆசிரியருக்கோ கற்பிக்கவேண்டியவை பல. வயர் சுருட்டுதற்குப் பாடவேளையில் இடமில்லை. பாடத்திட்டத்திற் சேராத ஒன்றை எழுதுதற்கு விழா மலரினுந் தக்க இடம் எமக்குத் தென்படவில்லை.

முதலிலே கருவியைப் பற்றிச் சிறிது. பிரித்தானிய அஞ்சல் திணைக்களத்திற் பொறியியலாளராயிருந்த டொனால்ட் மக்கடி என்பார், அம்பியர்மானி, வோல்ற்றுமானி, ஓம்மானி என மூன்றையும் தனித்தனி வைத்து வேலைசெய்தலை விரும்பாது அமைத்த கருவி, 'அவோ' என்னும் பெயரால் 1923ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அம்பியர், வோல்ற்று, ஓம் என்பவற்றின் முதலெழுத்துக்களால் ஆயது அப்பெயர். தமிழில் எழுதினும் அம்முதலெழுத்துக்கள் பெரிதும் அவ்வாறே நிற்பது எமக்கு ஒரு மகிழ்ச்சி. 1951இல் வெளிவந்த அதன் எட்டாம் வகை ஆய்கூடங்கள் பலவற்றிற் பரவி, 2008ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டு வந்தது. பெட்டிபோற் பெரிதாயிருந்த அக்கருவியின்மேல் வயரைச் சுற்ற எவருக்கும் எளிதில் மனம் வாராது. இக்காலத்துப் பல்மானியோ உள்ளங்கையில் அடங்குவது. வேலை முடிந்தவுடனே வயரை அதன் உடலிற் சுற்றிவிடக் கை தானாகவே போகின்றது. கேடு தொடங்குவது அங்கேதான்.

வயரின் உள்ளமைப்பை அறிந்தால் இது விளங்கும். காவலியுறையினுள் இருப்பது தடித்த ஒற்றைச் செப்புக்கம்பியன்று. மயிர்போன்ற மெல்லிய இழைகள் பல சேர்ந்த கற்றையாகும். இழைகள் மெல்லியவாதலின் வயர் எளிதில் வளையும். ஆயினும் ஓரிடத்தையே பன்முறை மடக்கி நிமிர்த்தினால் எந்த உலோகமுங் களைத்து ஒடியும். பெரும்பாலும் ஒடியும் இடங்கள் இரண்டு: செருகியின் கழுத்து ஒன்று, கைபிடியின் கழுத்து மற்றொன்று. வளையாத பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் இடங்கள் அவை. செருகியைக் குதையில் விட்டபடியே வயரை இறுக இழுத்துக் கருவியைச் சுற்றுவோர், நாள்தோறும் அக்கழுத்தை ஒடித்துவருகின்றனர். இழைகள் ஒவ்வொன்றாக அறும், உறையோ அறாது. வெளியே பார்ப்பவருக்கு வயர் புத்தம் புதிதாகவே தோன்றும்.

இதனால் வரும் இழப்பு வயரின் விலையளவில் நின்றுவிடுவதன்று. எமது நாட்டில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின் 230 வோல்ற்று. ஒருவர் சுவரிலுள்ள குதையொன்றைத் திருத்த முற்பட்டு, ஆளியை நிறுத்திவிட்டு, மின் நின்றதோ என்று பல்மானியால் தொட்டுப் பார்க்கின்றார் என்க. அவர் நிறுத்தியது வேறோர் ஆளி; கருவியின் வயரோ உள்ளே அறுந்தது. முகப்பிலே பூச்சியமோ அதற்கு அண்மையான ஓர் எண்ணோ தோன்றும். மின் இல்லாத இடத்தும் பூச்சியம். வயர் அறுந்தபோதும் பூச்சியம். இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட அக்கருவிக்கு வழியில்லை. அப்பூச்சியத்தை நம்பி அவர் உயிர்க்கம்பியிற் கைவைப்பார். தேர்ந்த மின்வினைஞர், சோதிக்குமுன் மின் உண்டென நன்கறிந்த ஓரிடத்தில் ஊசிமுனைகளை வைத்துப் பார்த்து, சோதித்தபின் மறுபடியும் அவ்விடத்திலேயே வைத்துப் பார்ப்பது இதனாலன்றோ!

இனிச் சுருட்டும் முறைக்கு வருவோம். எம் தொழிலையொட்டி ஒரு சொல்வேறுபாட்டை இங்கே கூறவேண்டியுளது. மடித்தல், சுற்றுதல், முறுக்குதல், சுருட்டுதல் என்னும் நான்கையும் பேச்சிலே வேறுபாடின்றி வழங்குகின்றோம். மடித்தால் மூலை உண்டாகும். சுற்றுதற்கு நடுவே வேறொரு பொருள் வேண்டும். அப்பொருளின் விளிம்பு வயரை அழுத்தும். முறுக்குதல் கயிறு திரிப்பதற்கு உரியது. சுருட்டுதலிலோ நடுவே வெளியன்றி வேறொன்றும் இல்லை. வளையம் தன் இயல்பான வட்டத்தில் அமைந்துவிடும். வயருக்கு வேண்டுவது சுருட்டுதல் ஒன்றே.

முதலிற் செருகிகளைக் குதையினின்றுங் கழற்றுக. கழற்றும்போது செருகியின் உடலைப் பிடித்தல் வேண்டும். வயரைப் பிடித்திழுத்தல் ஆகாது. பின்னர் ஒரு வயரை எடுத்து, அதன் செருகியை இடக்கையிற் பிடித்து, ஊசிமுனையைத் தரைநோக்கித் தொங்கவிடுக. வலக்கையால் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள வளையங்களாக எடுத்து இடக்கையிற் சேர்த்துக்கொண்டு செல்க. 1 மீற்றர் நீளமான வயர் மூன்று வளையங்களுள் அடங்கிவிடும். முனை தொங்குவதன் பயன் யாதெனில், ஒவ்வொரு வளையமும் வயருக்கு ஒரு முறுக்கைத் தருகின்றது. முனை கட்டின்றித் தொங்கினால் அம்முறுக்கு முனைவழியே சுழன்று வெளியேறும். முனையை இறுகப் பிடித்தால் முறுக்கு உள்ளேயே தங்கி, அடுத்தமுறை விரிக்கும்போது வயர் பாம்புபோல் நெளிந்து சிக்குறும். கறுப்பையும் சிவப்பையும் சேர்த்துச் சுருட்டினால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆதலின் தனித்தனியே சுருட்டுக. பெருவிரலுக்கும் முழங்கைக்கும் இடையே வரிந்து சுற்றுதல் கொடிக்கயிற்றுக்கு வேண்டுமாயின் ஆகலாம்.

நீண்ட வயர்களுக்கு வேறொரு நுட்பம் உண்டு. ஒலிபெருக்கித் தொழிலில் தேர்ந்தோர், முதல் வளையத்தை வழக்கம்போல் இட்டு, இரண்டாவதைக் கையை உட்புறமாகத் திருப்பி மறுபக்கமாக இடுவர். ஒன்றின் முறுக்கை மற்றது தீர்க்கும். எமது விழாக்களில் வரும் தொழிலாளரைக் கவனித்துப் பார்க்க மாணவர்க்கு நல்ல வாய்ப்புண்டு.

சுருளைக் கட்டுதற்கு றப்பர் வளையத்தை எடுத்தல் தவறு. எமது வெப்பத்தில் அது விரைவில் இளகிப் பிசினாகி உறையில் ஒட்டும். அகலமான பருத்தி நாடா ஒன்று போதும். அதனையும் இறுக்காது கட்டுக. உறையின் தன்மையும் அறியத்தக்கது. பீ.வீ.சீ. உறையை மென்மையாக்கச் சேர்க்கப்படும் எண்ணெய்போன்ற பொருள் நாளடைவிற் கசிந்து, அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்ரைரீன் பெட்டியை இளக்கித் தழும்பாக்கிவிடும். துணிப்பையில் வைத்தால் அத்தொல்லை இல்லை. சிலிக்கோன் றப்பர் உறை வெப்பத்தை நன்கு தாங்கும், துணிபோல் வளையும், ஆயினும் கூரிய விளிம்பு பட்டால் எளிதில் வெட்டுண்ணும். அதனைக் கத்தியும் குறடும் கிடக்கும் இழுப்பறையில் இடுதல் தகாது.

வயரைக் கழற்றாமலே கருவியோடு கொண்டுதிரியவேண்டிய தொழிலினர், செருகியை அடுத்து ஒரு விரல் நுழையும் அளவு நெகிழ்வு விட்டு, அதன்பின் தளர்வாகச் சுற்றுக. சிவப்புச் செருகி அம்பியர்க் குதையில் விடப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே நோக்குக. அக்குதையின் தடை மிகச் சிறிது. அதில் வயர் இருக்கையில் அடுத்தவர் வோல்ற்றளவைப் பார்க்க எண்ணி வீட்டு மின்னைத் தொட்டால் அது குறுஞ்சுற்று ஆகும். உருகி காப்பாற்றலாம், தரமற்ற கருவியாயின் அதுவும் உறுதியில்லை.

தவணைக்கு ஒரு முறையேனும் வயர்களைச் சோதித்தல் நன்று. கருவியை ஓம் அளவில் வைத்து ஊசிமுனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்துக. நல்ல வயராயின் அரை ஓமுக்கு உட்பட்ட எண் தோன்றி அசையாது நிற்கும். அழுத்தியபடியே நால்வரும் கூடி, செருகியின் கழுத்தையும் கைபிடியின் கழுத்தையும் மெல்ல அசைத்துப் பார்க்க, எண் துள்ளினால் உள்ளே இழைகள் அறுந்தன என்பது தெளிவு. அத்தகைய வயரை நாடா சுற்றி ஒட்டவும் வேண்டாம். அலுமாரியின் மூலையில் இடவும் வேண்டாம். மற்றொருவர் நல்லதென எண்ணி எடுத்துச் செல்வார். குறட்டால் நடுவே இரண்டாக வெட்டிய பின்னரே குப்பைக்கூடையில் இடுக.