புதுப்பிக்கப்பட்ட பழைய வீடும் நிலவாடகையும்: பொலோஞ்ஞா நகரின் அனுபவம்

ஐரோப்பாவின் பழைமை வாய்ந்த நகர மையங்களில் தொடர்மாடி வீடுகள் விற்பனைக்கு வரும்பொழுது எழுதப்படும் விளம்பரங்கள், தமக்கெனச் சில மரபுகளைக் கொண்ட ஓர் எழுத்து வகையாகவே வளர்ந்துள்ளன. கட்டடம் எந்த நூற்றாண்டிற்கு உரியது, கூரையின் மரவிட்டங்கள் எவ்வாறு வெளித்தெரிய விடப்பட்டுள்ளன, நகரச் சதுக்கத்துக்கு எத்தனை நிமிட நடைதூரம் என்பன அவற்றில் ஒழுங்காக இடம்பெறும். 'முற்றாகப் புதுப்பிக்கப்பட்டது' என்ற தொடரும் தவறாது வரும். இலக்கண நோக்கில் அது செயப்பாட்டுவினை. வீடு எழுவாயாக நிற்கிறது. புதுப்பித்தவர் யார், அதற்கு முன் அங்கு வாழ்ந்தவர் யார், அவர் எங்கே சென்றார் என்பன அத்தொடரில் இல்லை. இலக்கியப் பனுவலொன்றின் மௌனங்களை ஆராயுமாறு இம்மௌனத்தையும் ஆராய்தல் பயனுடைத்து. இங்கு விற்கப்படுவது யாது என்னும் வினாவை எழுப்பி, இத்தாலியின் பொலோஞ்ஞா நகரின் அனுபவங் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தகைய வீட்டின் விலையை இரு கூறுகளாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, தச்சர், கொத்தர் முதலியோரின் உழைப்பும் அவர்கள் பயன்படுத்திய பொருள்களின் பெறுமதியும். இதே வேலையை நகரின் புறத்தேயுள்ள வீடொன்றிற் செய்திருப்பினும் செலவு பெரிதும் வேறுபட்டிராது. ஆயினும் விலை வேறுபடுகிறது. இவ்வேறுபாடே இரண்டாவது கூறு. அது அமைவிடத்திலிருந்து பிறப்பது. 1894ஆம் ஆண்டில் ஏங்கெல்ஸ் பதிப்பித்து வெளியிட்ட 'மூலதனம்' மூன்றாம் தொகுதியிலே கட்டடக் காணியின் நிலவாடகை பற்றிப் பேசும் மார்க்ஸ், அங்கு அமைவிடமே மேலோங்கிய செல்வாக்குடையது என்பதையும், காணிக்காரன் தான் எம்முயற்சியும் செய்யாது சமூக வளர்ச்சியின் பயனைக் கவர்ந்துகொள்கிறான் என்பதையும் தெளிவுறுத்துகிறார். பழைய நகர மையத்தில் இவ்வியல்பு மேலுங் கூர்மையடைகிறது. புதிய கட்டடங்களை எத்தனையும் எழுப்பலாம். இடைக்காலத் தெருவொன்றை மீள உற்பத்தி செய்தல் இயலாது. எனவே அங்குள்ள வீடு தனியுரிமை விலையைப் பெறுகின்றது.

பொலோஞ்ஞாவின் புகழ்பெற்ற தூண்வரிசைக் கூடங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். தெருவோர வீடுகளின் மேற்றளங்கள் தூண்களின் மீது முன்னே நீண்டு நிற்க, அவற்றின் கீழ் மக்கள் மழையும் வெயிலும் படாது நடந்து செல்வர். 1288ஆம் ஆண்டின் நகரச் சட்டம் புதிய வீடுகளுக்கு இவற்றைக் கட்டாயமாக்கியது. கூடத்தின் நிலம் வீட்டுக்காரருக்குரியது. அதிலே நடக்கும் உரிமை ஊராருக்குரியது. இத்தெருக்களின் அழகைப் பல தலைமுறையினர் கூட்டாக ஆக்கினர். அதன் விலையோ வீட்டை விற்பவர் கையிற் சேர்கிறது. விளம்பரம் அந்த அழகை வீட்டின் இயற்கைப் பண்புபோலக் காட்டுகிறது. மனித உறவுகள் பண்டங்களின் பண்புகளாகத் தோற்றமளிக்கும் நிலையைப் பண்ட வழிபாடு என மார்க்ஸ் விளக்கியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனி, குடியிருந்தோரின் கதிக்கு வருவோம். 1872இல் எழுதத் தொடங்கிய 'வீட்டுப் பிரச்சினை' பற்றிய கட்டுரைகளில், பாரிஸ் நகரில் ஊஸ்மான் மேற்கொண்ட இடிப்பு வேலைகளை ஏங்கெல்ஸ் ஒரு பொதுமுறையின் வகைமாதிரியாகக் கண்டார். தொழிலாளரின் குடியிருப்புகள் ஓரிடத்தில் மறைந்து வேறோரிடத்தில் தோன்றும். பிரச்சினை தீராது, இடம்பெயரும் என்பது அவரது முடிவு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இடிக்காமலே அதே விளைவை ஏற்படுத்தும் வழி பரவியது. லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளை நடுத்தர வகுப்பினர் ஒவ்வொன்றாக வாங்கிப் புதுப்பித்தமையை அவதானித்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ், 1964இல், 'ஜென்ட்ரி' எனப்படும் கனவான் வகுப்பின் பெயரிலிருந்து அதற்கொரு சொல்லை ஆக்கினார். சுவர்கள் நின்றன, மனிதர் பெயர்ந்தனர்.

இந்நிலைக்கு மாற்று உண்டா என்பதைப் பொலோஞ்ஞா நடைமுறையிற் சோதித்தது. 1945 முதல் அந்நகரசபை இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இயங்கியது. 1969இல் பழைய மையத்துக்கெனத் தனித் திட்டமொன்று வகுக்கப்பட்டது. நகரசபையில் பொறுப்பு வகித்த கட்டடக்கலைஞர் பியர் லூய்ஜி செர்வெல்லாத்தியும் அவரது குழுவினரும் பழைய கட்டடங்களை அமைப்பு வகைகளாகப் பகுத்தனர். தேவாலயங்களும் மடங்களும் ஒரு வகை. செல்வர் மாளிகைகள் மற்றொன்று. கைவினைஞரின் ஒடுங்கிய வரிசை வீடுகள் இன்னொன்று. கைவினைஞன் வீட்டுக்கும் மாளிகைக்குரிய வரலாற்று மதிப்பு அளிக்கப்பட்டமை கருத்துநிலை அடிப்படையில் முக்கியமானது. உயர்ந்தோரின் நினைவுச் சின்னங்களே மரபு என்ற கொள்கையை அது மறுத்தது.

அதனினும் முக்கியமானது 1973ஆம் ஆண்டின் திட்டம். 1962, 1971ஆம் ஆண்டுகளின் வீடமைப்புச் சட்டங்கள் பொதுவாக நகர்ப்புறத்தே புதிய குடியிருப்புகளைக் கட்டவே பயன்பட்டன. அவற்றையும் பொது வீடமைப்பு நிதியையும் பழைய மையத்துக்குத் திருப்ப நகரசபை முனைந்தது. சிதைந்த வீடுகளைச் சந்தை விலைக்குக் குறைந்த நட்டஈட்டில் சுவீகரிப்பது, திருத்தும் காலத்தில் குடியிருப்பாளரைத் தற்காலிக வீடுகளில் தங்கவைப்பது, பின்னர் அதே பகுதிக்குத் திருப்பி அழைப்பது என்பன அதன் கூறுகள். கல்லும் மனிதரும் ஒருங்கே பேணப்படல் வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. இருண்டு ஈரம் படிந்த வீடுகளில் வாழ்ந்தோருக்குத் திருத்தம் இன்றியமையாதது. எனவே இங்குள்ள பிணக்கு புதுப்பித்தலைப் பற்றியதன்று. அதன் பயன் யாரைச் சேரும் என்பது பற்றியது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. பெருங் காணிக்காரரோடு சிறு வீட்டுடைமையாளரும் சுவீகரிப்பை அஞ்சினர். எமிலியா மாகாணத்தில் இடைத்தட்டினரோடு கூட்டுறவு கொள்ளுதல் கட்சியின் நீண்டகாலக் கொள்கையாக இருந்தது. 1946இல் தொலியாத்தி இதனை வலியுறுத்தியிருந்தார். அக்கூட்டுறவைக் குலைக்க விரும்பாத நகரசபை, பரவலான சுவீகரிப்பைக் கைவிட்டு, உடைமையாளருடன் ஒப்பந்த முறையை மேற்கொண்டது. திருத்த வேலைக்குப் பொதுநிதி உதவும். பதிலாக வாடகை கட்டுப்படுத்தப்படும், பழைய குடியிருப்பாளர் காக்கப்படுவர். பலர் இதனால் நன்மையடைந்தனர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் ஒப்பந்தம் காலவரையறை உடையது, உடைமை அத்தகையதன்று.

1975ஆம் ஆண்டின் ஆம்ஸ்டர்டாம் பிரகடனம், பழைய பகுதிகளைத் திருத்தும்பொழுது குடியிருப்போரின் சமூகச் சேர்க்கை இயன்றவரை மாறாதிருத்தல் வேண்டும் என்று கூறியது. பொலோஞ்ஞாவின் கருத்து ஐரோப்பாவின் பொதுக் கருத்தாயிற்று எனலாம். ஆனால் அக்கருத்தைத் தாங்கிய பொருளியல் அடித்தளம் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் நட்டஈட்டு முறையை இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1980இல் செல்லுபடியற்றதாக்கியது. 1978இல் இயற்றப்பட்ட நியாய வாடகைச் சட்டத்தின் கட்டுப்பாடுகளை 1998ஆம் ஆண்டுச் சட்டம் அகற்றியது. 2021இல் தூண்வரிசைக் கூடங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இன்று குறுகியகால உல்லாசப் பயணிகளுக்கு வீடுகளை விடுதல் பழைய மையத்தில் இலாபந் தரும் தொழில். பல்கலைக்கழக மாணவரோ வாடகைக்கு அறை தேடி அலைகின்றனர்.

இதன்கண் உள்ள முரண்பாடு தெளிவானது. பொதுநிதியாலும் பொது அறிவாலும் ஒரு பகுதி எவ்வளவு நன்றாகப் பேணப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதன் நிலவாடகை உயர்கிறது. நிலம் சந்தைப் பண்டமாக நீடிக்குமாயின் அவ்வுயர்வே பழைய குடிகளை வெளியேற்றுகிறது. நல்ல திட்டமிடல் இம்முரண்பாட்டைத் தணிக்கலாம், தீர்க்க இயலாது. பொலோஞ்ஞாவின் முயற்சியைத் தோல்வி என ஒதுக்குவோரும், அதன் செங்கற் சுவர்களின் செம்மையை மட்டும் போற்றுவோரும் ஒருங்கே மறக்கும் உண்மை இது. திருத்தப்பட்ட வீடு பொதுவுடைமையில் நிலைக்குமிடத்து அதற்கு விற்பனை விளம்பரம் தேவைப்படுவதில்லை. அங்கு மூதாட்டி ஒருத்தி தான் வாழ்ந்த தெருவிலேயே தொடர்ந்து வாழலாம். ஆகவே மரபுரிமைப் பாதுகாப்புப் பற்றிய எத்திட்டத்தையும் மதிப்பிடும்பொழுது, கட்டடத்தின் நிலையை ஆராய்வதற்கு முன்னர் காணியின் உடைமை யாரிடம், எத்தனை காலத்துக்கு உள்ளது என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.