சிகாகோவுக்கு முன்பே மும்பையில் ஒலித்த 'ஆசிட்' இசை: யார் இந்த சரண்ஜித் சிங்?

பழைய இந்தி சினிமா ரெக்கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பவ்மன். 2002இல் டெல்லியில் அவர் கையில் சிக்கியது ஒரு விநோத ரெக்கார்டு: 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வெளியான ஆண்டு 1982. வாசித்தவர், பாலிவுட் பாடல் பதிவுகளில் பணியாற்றிய மும்பை கலைஞர் சரண்ஜித் சிங்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

மூன்றே ரோலண்ட் கருவிகள். ஜூபிடர்-8 கீபோர்டில் ராகம், டிஆர்-808இல் தாளம், டிபி-303இல் பேஸ்.

இதில் டிபி-303, கிட்டார் கலைஞர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்க வந்த மெஷின். நிஜ பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்காததால் விற்பனை படுத்தது. 1984இல் உற்பத்தியே நின்றது. ஆனால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் 'ஸ்லைடு' வசதி அதில் உண்டு. ராகத்துக்கு அந்த இழைவுதானே முக்கியம்!

1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு, அதே மெஷினின் குமிழ்களைத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசைவகைக்குப் பெயர் தந்தது அதுதான்.

அப்போ, ஆசிட் ஹவுஸ் பிறந்தது மும்பையிலா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சிங்கின் ஆல்பம் அன்று பெரிதாக விற்கவில்லை. சிகாகோ கலைஞர்கள் அதைக் கேட்டதற்கு ஆதாரமும் இல்லை. ஒரே மெஷின், இரு ஊர்களில் தனித்தனியாகக் கிட்டத்தட்ட ஒரே ஒலியைத் தந்தது என்பதே சரி.

2010இல் ஆல்பத்தை மறுவெளியீடு செய்தார் பவ்மன். அதன்பின் ஐரோப்பிய மேடைகளிலும் வாசித்த சிங், 2015இல் மறைந்தார்.

எங்கே தொடங்கலாம்?

'பூபாலி' கேளுங்க, நம்ம மோகனம்தான் அது. அடுத்து 'மால்கௌன்ஸ்', அதாவது ஹிந்தோளம். ஹெட்போன் மஸ்ட்!