நகரமும் நேரமும் – 9: ஷட்டர் இறங்கிய பிறகு

சென்ற வாரம் ரங்கநாதன் தெருவின் விடியற்காலையை வர்ணித்திருந்தேன். அதைப் படித்துவிட்டு, அந்தத் தெருவின் ராத்திரியையும் எழுதத்தான் வேண்டும் என்று சொல்வதற்காக, தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதிவரும் வாசகர் ஒருவர், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய தமது ஜாகையிலிருந்து நடந்தே என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு: கடை நேரத்துக்கு அப்பால் முதலாளி போனில் கூப்பிட்ட கணக்கு.

‘செவ்வாய், ராத்திரி 9.50, ஈரோட்டுச் சரக்கு பில், 12 நிமிஷம்.’ ‘வியாழன், 10.35, ஜி.எஸ்.டி. தொகை, 20 நிமிஷம்.’ ‘ஞாயிறு, காலை 7.10, கபாலீசுவரர் கோயில் பிரகாரம், பீரோ சாவி எங்கே என்று, 4 நிமிஷம்.’ மாதக் கடைசியில் கூட்டிப்பார்த்தால் பதினோரு மணி சொச்சம் வந்தது. கணக்கர் அல்லவா, கூட்டல் பிசகவில்லை.

“திட்டறவர் இல்லே ஸார். ‘சாப்டாச்சா?’ன்னு விசாரிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பார். அதனாலதான் எடுக்காம இருக்க முடியலே” என்றார்.

எஜமானரின் அதிகாரத்தை எதிர்த்துப் பேச நம்மவர்களுக்கு ஒருவாறு பழக்கம் உண்டு. அவருடைய பிரியத்தை எதிர்த்துப் பேசும் வித்தையை ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

மணிக்கணக்கைப் பற்றிய வழக்கு இந்த ஊருக்குப் புதிதன்று. அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியா பெரம்பூருக்குப் போய் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டபோது, சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதும் அவற்றில் ஒன்றாயிருந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு. வி. க. முதலியோரும் சேர, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. ஆயினும் அந்தத் தொழிலாளிக்கு ஒரு சௌகரியம் இருந்தது: ஆலைச் சங்கு ஊதிய பிறகு தறியை அவன் வீட்டுக்கு யாரும் தூக்கிவர முடியாது. நம் கணக்கரின் தறியோ அவருடைய சட்டைப்பையிலேயே கிடந்து வாட்ஸ்அப்பில் சிணுங்குகிறது.

கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1947-ஆம் வருஷத்துச் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்து, மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்கவேண்டுமென்றும் விதித்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பிறந்த காலத்தில் வேலை என்பது கடைக்குள் நடப்பது, ஷட்டர் இறங்கினால் அதுவும் நின்றுபோவது. அதே சட்டத்தில், விற்பனைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு ஆசனம் போடவேண்டும் என்ற திருத்தம் 2021-ல்தான் வந்தது. நாற்காலிக்கே 74 வருஷம்!

பிரான்ஸில் 2017 முதற்கொண்டும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதற்கொண்டும் வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பை விலக்கிக்கொள்ளும் உரிமை சட்டமாயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 15 பேருக்குக் குறைந்த சிறு ஸ்தாபனங்களுக்கு ஒரு வருஷம் கூடுதல் அவகாசம் அளித்து, அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் லோக் சபையில் சுப்ரியா சுலே 2018-ல் இதே பொருளில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தார், அது சட்டமாகவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய பன்னிரண்டு மணி நேர மசோதா, எழுந்த எதிர்ப்பினால், அந்த மே தினத்தன்றே வாபஸ் என்று அறிவிக்கப்பட்டதை நினைத்தால், கேட்டால் கிடைக்காமலே போய்விடும் என்று சொல்வதற்கும் இல்லை.

நோட்டை முதலாளியிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். “எப்படி ஸார்? போன தீபாவளிக்கு என் பொண்ணுக்கு அவரே பட்டுப் பாவாடை எடுத்துக் குடுத்தாரே” என்று சொல்லி, நோட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆகையால் கேட்கவேண்டியதை அவருக்காக நானே கேட்கிறேன். இதைப் படிக்கும் முதலாளிமார்களே, ஈரோட்டுச் சரக்கு பில்லைக் காலையில் கேளுங்கள். கடை திறக்கும்போது அது மேஜை டிராயரில் அங்கேயேதான் இருக்கும்.